இரு லா, இன்னும் ரெண்டு வரி

இங்கே ரயிலில் யாரும் அடுத்தவர் புத்தகத்தை எட்டிப் பார்ப்பதில்லை. கோலாலம்பூருக்கு வந்த புதிதில் என்னை மிகவும் திகைக்க வைத்தது இதுதான். எங்கள் விருதுநகர்ப் பேருந்தில் நாளிதழை விரித்தால் நடுத்தாள் உங்களுக்குச் சொந்தமில்லை. "பாப்பா, அந்த நடுப்பக்கத்த இங்கிட்டுக் குடு" என்று ஒரு கை நீளும். வாரப் பத்திரிகை என்றால் பின்சீட்டிலிருந்து ஒரு தலை தோளுக்கு மேல் வந்துவிடும், கூடவே வெற்றிலை வாசமும். அப்போதெல்லாம் எரிச்சலாக இருக்கும். பிரிக்ஃபீல்ட்ஸில் அறை எடுத்து, கிள்ளானில் இருக்கும் அலுவலகத்துக்குத் தினமும் கொமுட்டர் ரயிலில் போகத் தொடங்கிய பிறகுதான், எட்டிப் பார்க்க ஆளில்லாத தோள் எவ்வளவு வெறுமையானது என்று தெரிந்தது.

நான் படிப்பது அவுக் அவுக்கென்று விழுங்குகிற படிப்பு. இரண்டு நாளில் ஒரு நாவல், மறுநாள் அடுத்தது. ஊரிலிருக்கும் நண்பர்கள் இப்போது இந்த ஆண்டு படித்த புத்தகங்களை அடுக்கிப் படம் எடுத்துப் போடுகிறார்கள். நானும் அடுக்கிப் பார்த்தேன். கோபுரம் உயரமாகத்தான் வந்தது. ஆனால் அதில் பாதிக் கதைகளில் யார் யாருக்கு என்ன உறவு என்று கேட்டால் முழிப்பேன். வரி வரியாக நினைவிருப்பது ஒன்றே ஒன்று, ஆறு மாதம் இழுத்த ஒரு தடித்த நாவல்.

அதைத் தொடங்கிய காலையில்தான் பெண்கள் பெட்டியில் என் பக்கத்தில் விமலா அக்கா வந்து உட்கார்ந்தார். கிள்ளான் துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் வேலை. வயது நாற்பதைத் தொடவில்லை. பக்கத்தைத் திருப்பப் போனேன். ஒரு விரல் வந்து தாளை அழுத்தியது.

"இரு லா, இன்னும் ரெண்டு வரி."

திடுக்கிட்டுப் பார்த்தேன். பேச்சின் வாலில் இந்த ஊர்க்காரர்கள் ஒட்டவைக்கும் அந்த 'லா' வேறு. அவருக்கும் வெட்கம். "சோரி லா. ஆறாம் வகுப்போட தமிழ் புக்க தொட்டதே இல்ல. படிக்க வருதான்னு பாத்தேன், வருது!" என்றார், நீச்சல் மறக்கவில்லை என்று கண்டுபிடித்தவரைப் போல.

எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். எட்டிப் பார்த்துவிட்டார்கள்!

அன்றிலிருந்து ஒப்பந்தம். அந்தப் புத்தகம் ரயிலில் மட்டும். வீட்டில் நான் தனியாக ஒரு பக்கம்கூடத் தாண்டக் கூடாது. "பசியாறிட்டியா?" என்று கேட்டு நாசி லெமாக் பொட்டலத்தில் பாதியை என்னிடம் தள்ளிவிட்டு அக்கா படிக்க உட்காருவார். அவருடைய வேகத்துக்கு நான் பக்கத்தின் அடியில் காத்திருப்பேன். காத்திருந்த நேரத்தில் வேறு வழியில்லாமல் அதே வரிகளை மறுபடி படித்தேன். நான் ஓடிக் கடந்துவிடும் இடங்களில் எவ்வளவு இருந்திருக்கிறது!

கதையில் செல்வராணி என்றொருத்தி, தன் பங்கு நிலத்தைக் கேட்டு அண்ணன்மேல் வழக்குப் போடுகிறாள். அக்காவுக்கு அந்த அண்ணனைக் கண்டாலே ஆகாது. "இவன லோரில ஏத்தி அனுப்பணும்" என்று சத்தமாகச் சொல்லிவிடுவார். எதிரில் உட்கார்ந்திருக்கும் மலாய்ப் பெண் எங்களுக்குள் ஏதோ சண்டை என்று நினைத்து, கவலையோடு எனக்கு மிட்டாய் நீட்டியதும் உண்டு.

ஒரு திங்கட்கிழமை அக்கா சொன்னார்: "என்னைய ஜொகூருக்கு மாத்திட்டாங்க. வெள்ளிக்கிழமதான் கடைசி ட்ரெயின். அதுக்குள்ள தீர்ப்பு வந்துரணும், சொல்லிட்டேன்."

பக்கங்களை எண்ணித் திட்டம் போட்டோம். வியாழன் காலை கடைசி அத்தியாயத்தின் வாசலில் நின்றோம். தீர்ப்பு மறுநாள் காலை.

அந்த வெள்ளிதான் சரஸ்வதி பூஜை. ஊரில் அந்தப் பண்டிகை எனக்கு ஏன் பிடிக்கும் என்றால், கணக்குப் புத்தகத்தை சாமிக்கு முன்னால் வைத்துவிட்டால் மறுநாள் வரை எந்த அப்பாவும் படி என்று சொல்ல முடியாது. பள்ளிக்கூடமும் விடுமுறை. இங்கே அன்று வேலைநாள் என்று எனக்குத் தெரியும், ஆனால் என் கைக்குத் தெரியவில்லை. வியாழன் இரவு பொரிகடலை வாங்கி வந்து, புத்தகங்களை அடுக்கி, வழக்கம்போலப் பாதியில் இருப்பதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டுக் கும்பிட்டுவிட்டேன். காலையில் பையை எடுத்தபோதுதான் அது லேசாக இருப்பது தெரிந்தது.

அக்கா எனக்கு முன்பே வந்து இடம் பிடித்திருந்தார். "எடு, எடு."

"அக்கா... அது பூஜையில இருக்கு."

"அலாமா! என்னா ஆளுலா நீ! எடுத்தாந்திருக்கலாம்ல?" என்று கத்தியவர், அடுத்த நொடி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "வேணா, வேணா. சாமி குத்தம்."

"இன்னைக்குப் படிக்கக் கூடாதேக்கா."

"ஓபிஸ்ல கம்ப்யூட்டர் பாப்பியே, அது?"

"அது வேலைக்கா. படிப்பில்ல."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு சன்னலைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. சுபாங் ஜெயா தாண்டியதும் அவரே திரும்பினார். "சரி. படிக்கத்தான கூடாது? பேசலாம்ல? நீ ஜட்ஜு. சொல்லு தீர்ப்ப."

சொன்னேன். போதாது என்றார். நிலத்தோடு கிணறும் செல்வராணிக்கு என்றார். அண்ணன் நீதிமன்றப் படியிலேயே மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றேன். "கேக்கட்டும், ஆனா இவ உடனே மன்னிக்கக் கூடாது. ஒரு டீ குடிச்சிட்டு வந்து மன்னிக்கட்டும்." கிள்ளான் வந்தபோது இருவரும் சிரித்துக்கொண்டே இறங்கினோம். அவர் என் தலையைக் கலைத்துவிட்டு, துறைமுகம் போகும் பேருந்துக்கு ஓடினார்.

மறுநாள் விஜயதசமி. புத்தகத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏதாவது வாசித்தே ஆக வேண்டிய நாள். அக்காவைத் தொலைபேசியில் அழைத்தேன். சாமான் ஏற்றிய வண்டியில் ஜொகூர் நெடுஞ்சாலையில் இருந்தார். கடைசி அத்தியாயத்தை அவருடைய வேகத்தில், நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். நீதிபதி வருகிறார், கண்ணாடியைத் துடைக்கிறார், வழக்கை ஒத்திவைக்கிறார். முற்றும்.

வண்டிச் சத்தத்தையும் மீறி அக்கா வெடித்தார். "இதுக்கா இத்தன பக்கம்? நம்ம தீர்ப்புதான் லா சரி. அதையே வெச்சுக்குவோம்!"

தீபாவளி விடுப்பில் ஊருக்குப் போனேன். மதுரையிலிருந்து விருதுநகர்ப் பேருந்தில் புதுப் புத்தகம் ஒன்றை விரித்தேன். பக்கத்து இருக்கைப் பெரியவர் எட்டிப் பார்த்தபடியே வந்தார். கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு, "அதான் முடிஞ்சிருச்சேம்மா, திருப்ப வேண்டியதுதான?" என்றார்.

"இரு லா, இன்னும் ரெண்டு வரி" என்று வாய் சொல்லிவிட்டது. நான் எப்போதோ முடித்திருந்தேன்.

பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாப்பாவுக்கு எந்த ஊரு?" என்றார். வெளியே 'விருதுநகர் தங்களை அன்புடன் வரவேற்கிறது' என்ற பலகை கடந்துபோனது.