உள்ளங்கைச் சீனி

கொழுந்துப் பையை முதுகில் போட்டு, அதன் கயிற்றை உச்சந்தலையில் மாட்டிக்கொண்டு, பெரியாயி அக்கா தேயிலை மலைக்குப் போகாமல் தார் ரோட்டில் ஏறிக்கொண்டிருக்கிறார். பை காலி. எதிரே பால் கேனோடு இறங்கி வருகிற ரமேஸ் நின்று கேட்கிறான். "என்னா பெரியம்மா, தோட்டத்துல பேர் வெட்டி வேல முடிஞ்சது மறந்துபோச்சா? மறந்தாலும் மலை அந்தப் பக்கம்ல இருக்கு." அக்கா நிற்பதில்லை. நின்றால் நடை கெட்டுவிடுமாம். "நீ ஒன் பாலப் பாரு. தண்ணி கூடிப்போச்சுன்னு சனம் பேசுது" என்று சொல்லிக்கொண்டே வளைவைத் தாண்டிவிடுகிறார்.

முதுகில் பை இல்லாமல் அவருக்கு நடை வராது. முப்பது வருடத்துக்கும் மேலாகத் தலையில் கயிறும் முதுகில் பாரமுமாக மலை ஏறிய உடம்பு அது. பாரத்தை எடுத்துவிட்டால் முன்னால் சாயப் பார்க்கிறது. முதல் நாள் வெறுங்கையோடுதான் கிளம்பினார். கண்டவர்கள் எல்லாம் எங்கே போகிறாய் என்று கேட்டார்கள். "சும்மா நடக்குறேன்னு எப்பிடி டீச்சர் சொல்றது? கிறுக்குப் புடிச்சிருச்சின்னு பேசிருவாங்க" என்றார் என்னிடம். மறுநாள் பை வந்துவிட்டது. கேட்பதை யாரும் நிறுத்தவில்லை, ஆனால் இப்போது பையைப் பார்த்து அவர்களே ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டு போய்விடுகிறார்கள். ரோட்டோரத்துத் தேயிலையில் நல்ல கொழுந்து ஒன்று கண்ணில் பட்டால் அக்காவின் கை தானாகக் கிள்ளிவிடும். தோளுக்கு மேலாகப் பைக்குள் வீசப் போனவர், ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டு, செடியின் காலடியிலேயே அதைப் போட்டுவிட்டு நடப்பார்.

டீச்சர் என்பது நான்தான். ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். அக்கா இருக்கும் தொழிலாளர் லயத்துக்கு மேலே எனக்கு ஒரு குவாட்டர்ஸ். எனக்கும் உடம்பு கொஞ்சம் தாராளமாகத்தான் இருக்கிறது, அதனால் காலையில் என்னையும் எழுப்பி இழுத்துக்கொண்டு போகிறார். மூச்சு வாங்குகிறது என்று மதகில் உட்கார்ந்தால் விடமாட்டார். "ஒக்காந்துதான் டீச்சர் எனக்கு இது வந்துச்சு. எந்திரிங்க."

இது என்பது சீனி வியாதி. மலையில் வேலை செய்த காலம் முழுக்க ஒரு காய்ச்சல்கூட வராதவர். வேலையை விட்டு வீட்டில் இருந்த ஓராண்டுக்குள் காலில் எரிச்சல், கண்ணில் மங்கல், ராத்திரி முழுக்கத் தாகம். பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கிளினிக்கில் இருந்த தாதி, மிஸ்ஸி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள், நல்ல பெண். சிங்களம் பாதி, தமிழ் பாதியாகப் பொறுமையாக எல்லாம் சொன்னாள். நடக்கணும். வெள்ளை மாவு குறைக்கணும். நேரத்துக்குத் தூங்கணும். மனசில் உள்ளதை யாரிடமாவது பேசணும். சீனி தொடவே கூடாது.

நாமெல்லாம் வைத்தியர் சொன்னதை வாசல் வரைக்கும் ஞாபகம் வைத்திருப்போம். அக்கா அப்படியில்லை. காலையில் ஆள் கூடுகிற பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை மலையைப் பிரித்துக் கொடுத்தால் பேசாமல் போய் நிற்கிற பழக்கம் அவருக்கு. மிஸ்ஸி சொன்னதையும் அப்படியே எடுத்துக்கொண்டார். கோதுமை மா ரொட்டி போய்க் கேழ்வரகில் சுட்ட குரக்கன் ரொட்டி வந்தது. தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் வல்லாரை முளைத்தது. ராத்திரி தொலைக்காட்சியில் நாடகம் பாதியில் இருக்கும்போதே, கதாநாயகி அழுதுகொண்டிருந்தாலும், எழுந்து போய்ப் படுத்துவிடுவார். "அவ நாளைக்கும் அழுவா டீச்சர்."

பேசுவதுதான் பெரிய பாடு. சாயங்காலம் என் வாசலுக்கு வந்து, "மனசுல உள்ளத தெனம் பேசணும்னு மிஸ்ஸி சொல்லிச்சில்ல, அதான் வந்தேன்" என்று அறிவித்துவிட்டு உட்காருவார். நானும் மாணவர் கொப்பிகளை ஒதுக்கி வைத்துவிட்டுக் காது கொடுப்பேன். அவர் நமுனுகுல மலையைப் பார்ப்பார். அதன் தலையில் மேகம் ஏறும், இறங்கும். பிறகு முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து, "சரி டீச்சர், பேசியாச்சு. வர்றேன்" என்று போய்விடுவார். இப்படிப் பல நாள் நடந்தது. எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாக இருக்கும்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள்தான் வாய் திறந்தார். நான் தேத்தண்ணி போட்டேன். எனக்குச் சீனி போட்டு, அவருக்கு வெறும் சாயத்தண்ணி. கோப்பையை வலது கையில் வாங்கியவர், இடது கையைக் குழித்து மடியில் விரித்து வைத்துக்கொண்டு குடித்தார். கையில் ஒன்றும் இல்லை. ஏன் அப்படி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

அவருக்கு முகம் சிவந்துபோனது. தோட்டத்தில் சீனியை யாரும் தேத்தண்ணியில் போட்டு வீணாக்குவதில்லை. உள்ளங்கையில் கொட்டி, நாக்கால் தொட்டுக்கொண்டு, மிடறு மிடறாகக் குடிப்பார்கள். இது எனக்கும் தெரியும். தெரியாத மிச்சத்தை அவர் சொன்னார்.

"அவருக்குத் தேயிலைக்கு மருந்தடிக்கிற வேலைங்களா. எம்புட்டு சவுக்காரம் போட்டாலும் கையில அந்த நாத்தம் போகாது. சீனியக் கையில வச்சா மருந்து ருசி அடிக்குதும்பாரு. அதனால ரெண்டு பேருக்கும் சேத்து என் கையிலதான். காலைல பெரட்டுக்குப் போறதுக்கு முந்தி, அடுப்புகிட்ட ஒக்காந்து, குனிஞ்சு ஆட்டுக்குட்டி கணக்கா தொட்டுக்குவாரு." சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "கலியாணம் முடிச்ச மாசம் தொடங்குனது. பேரப்புள்ள எடுத்த பொறவும் விடல."

அவர் என்பது அக்காவின் கணவர் அழகையா அண்ணன். தோட்டத்து வேலை முடிந்ததும் கொழும்புக்குப் போய், ஒரு தொடர்மாடிக் கட்டிடத்தில் ராத்திரி வாச்சர் வேலை பார்க்கிறார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார், இரண்டு நாள் இருப்பார். எல்லாம் ஒரு வீட்டுக்காக. லயத்துக்குக் கீழே கிடைத்த துண்டுக் காணியில் சுவர் எழும்பி நிற்கிறது, கூரை இல்லை. ஜன்னல் ஓட்டை வழியாகப் பூசணிக்கொடி உள்ளே போய் நடு அறையில் காய்த்துக் கிடக்கிறது. அக்காவின் நடை தினமும் அங்கேதான் முடியும். உள்ளே எட்டிப் பார்ப்பார். "இது அடுப்படி. இங்கன ரெண்டு பேரு தாராளமா ஒக்காரலாம்" என்பார். முதல் தடவை சொல்வதுபோலவே ஒவ்வொரு நாளும் சொல்வார்.

மழை நாளன்று நான் சும்மா இருந்திருக்கலாம். வாத்திமார் வாய் சும்மா இருக்குமா? "அண்ணனிடம் வியாதியைப் பற்றிச் சொல்லிவிட்டீர்களா?" என்று கேட்டேன்.

"சொல்லல."

"ஏன்?"

"சொன்னா அடுத்த பஸ்ஸுலயே வந்துருவாரு."

"வரட்டுமே. நல்லதுதானே?"

கோப்பையைக் கீழே வைத்தார். "வரணும்னுதான் டீச்சர் இருக்கு. காலைல அடுப்புகிட்ட ஒக்காந்தா, வந்துரக் கூடாதான்னுதான் இருக்கு. ஆனா வந்தா அப்பறம் என்னய விட்டுட்டுப் போக மாட்டாரு. வீடு அப்பிடியே கெடக்கும். பொண்டாட்டி சீக்காளி, அதான் கூரை ஏறலன்னு ஊரு பேசும். அவரு மனசு விட்டுப்போகும். நான் நல்லா ஆயிட்டன்னா, அவரு அங்கன நிம்மதியா இருப்பாரு."

அக்கா போன பிறகு யோசித்துப் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும், கணவர் வந்துவிடுவார். அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருப்பதற்காகத்தான் இந்த மனுஷி விடிய முன்னே எழுந்து நடக்கிறார், குரக்கன் ரொட்டியை மெல்லுகிறார், வல்லாரையை அரைத்துக் குடிக்கிறார். உடம்பு தேறத் தேற, கணவரைக் கூப்பிட இருக்கிற ஒரே சாட்டும் கைவிட்டுப் போகிறது.

போன மாதம் கிளினிக். மிஸ்ஸிக்கு ஒரே சந்தோஷம். "பெரியாயி அம்மா, ஹரி ஹொந்தாய், ரொம்ப நல்லம்! சீனி நல்லா குறைஞ்சிருக்கு. எல்லாரும் இவங்க மாதிரி செய்ங்க" என்று வரிசையில் நின்றவர்களுக்குக் காட்டினாள். சிலர் கையெடுத்துக் கும்பிடாத குறை. அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை. வளைவுகள் தொடங்கிய பிறகுதான் பேசினார்.

"கொறஞ்சிருச்சாம் டீச்சர்."

கையிலிருந்த எதையோ வழியில் தவறவிட்டவர் சொல்வதுபோல இருந்தது அது. நல்ல செய்திதானே அக்கா என்று நான் சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். லயம் வரும் வரைக்கும் அவரும் விடவில்லை.

மறுநாள் விடியற்காலை நடக்கக் கிளம்பும்போது, வழக்கத்துக்கு மாறாக நான்தான் முதலில் போனேன். அக்கா அடுப்படியில் இருந்தார். சாயத்தண்ணி கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு பலகைக் கட்டைகள். ஒன்றில் அவர் இருந்தார். மற்றதில் நான் உட்காரப் போனேன். "டீச்சர், நீங்க அந்தக் கதிரையில ஒக்காருங்க, கட்டையில கரி" என்றார். கட்டையில் கரி இருந்ததாகத் தெரியவில்லை.

அப்போதுதான் போன் அடித்தது. வாச்சர் வேலை முடிகிற நேரம். கை ஈரமாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டு மாடத்தில் வைத்தார். நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன், இருங்க என்று கண்ணால் சொன்னார்.

"ஏ புள்ள," என்றது அழகையா அண்ணனின் குரல். "நீ கிளினிக்குப் போறியாம். நம்ம லயத்துப் பொடியன் ஒருத்தன நேத்து இங்கன கண்டேன், அவன்தான் சொன்னான். எனக்கு ஏன் சொல்லல? என்னா ஒனக்கு?"

அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்தார்.

"பெரியாயி, கேக்குதா? வேல கெடக்குது வேல. நான் மொதலாளிகிட்ட சொல்லிப்புட்டு இன்னைக்கே பஸ் ஏறுறேன். வரட்டுமா? சொல்லு. வரட்டுமா?"

அடுப்பில் சாயத்தண்ணி பொங்கி வழிந்தது. அவர் கேத்தலை இறக்கவில்லை. சொல்லுங்கள், வரச் சொல்லுங்கள் என்று கத்த வேண்டும்போல இருந்தது எனக்கு. எல்லாப் பொறுப்பையும் ஒரு பக்கம் எறிந்துவிட்டு, ஒரு தடவை தனக்காக ஒரு வார்த்தை.

"இங்க பாருங்க," என்றார் கடைசியில். குரல் நன்றாகத்தான் இருந்தது. "சும்மா கால் கொடைச்சலு. அதுக்குத்தான் போனேன். இப்ப சொகமாயிருச்சு, நேத்துத்தான் மிஸ்ஸி சொல்லிச்சு. வேணும்னா டீச்சரக் கேளுங்க, இங்கதான் இருக்காங்க."

என்னைப் பார்த்தார். நான் "ஆமாண்ணே, நல்லா இருக்காங்க" என்றேன். பொய்யில்லை.

"நெசமாத்தானா?"

"நெசமாத்தான். நீங்க கூரைத் தகரத்துக்குப் பாருங்க. மழைக்கு முந்திப் போட்டா நல்லது. சாப்புட்டீங்களா?"

அவர் சாப்பிட்டதையும் சாப்பிடாததையும் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டுப் போனை வைத்தார்கள். அக்கா கேத்தலை இறக்கி, இரண்டு கோப்பைகளில் ஊற்றினார். ஒன்றை எனக்குத் தந்தார். பிறகு மாடத்திலிருந்த டின்னை எடுத்துத் திறந்து, ஒரு கரண்டிச் சீனியை அள்ளி இடது உள்ளங்கையில் கொட்டினார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை மாதப் பாடும் இப்படிப் போவதா என்று திட்ட வாயெடுத்தேன்.

அவர் அதை வாய்ப்பக்கம் கொண்டுபோகவில்லை. சீனி நிரம்பிய கையைப் பக்கத்திலிருந்த காலிக் கட்டையின் பக்கமாக, ஒருவர் குனிந்தால் எட்டுகிற உயரத்தில் நீட்டி வைத்துக்கொண்டார். வலது கையால் கசப்புச் சாயத்தண்ணியை மிடறு மிடறாகக் குடித்தார். கோப்பை முடிந்ததும், கையைக் கவனமாக டின்னுக்கு மேலே சாய்த்து எல்லாச் சீனியையும் திரும்பக் கொட்டி, ரேகையில் ஒட்டியிருந்ததையும் விரலால் தட்டிவிட்டு, மூடியை இறுக்கி மூடினார்.