சந்திரம்மா ஒட்டிய எண்கள்

ரூபினி என்ன வேலை செய்கிறாள் என்று ஜோகுபாளையத்தில் அவள் தெருக்காரர்களைக் கேட்டால் "கம்ப்யூட்டர் வேலை" என்பார்கள். அதற்கு மேல் அவர்களுக்கும் தெரியாது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை என்றால் கண்ணாடிக் கட்டடம், ஏசி பஸ், கழுத்தில் அட்டை என்று ஊரே ஒரு படம் வரைந்து வைத்திருக்கிறது. ரூபினியிடம் அந்த மூன்றில் அட்டை மட்டும்தான் உண்டு. அடுகோடியில் லேத் பட்டறைகளுக்கு நடுவே, டயர் கடைக்கு மாடியில், கல்யாண ஆல்பம் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் சர்வரைப் பார்த்துக்கொள்பவள் அவள். ஏசியும் இருக்கத்தான் செய்தது. அது சர்வருக்கு.

நகரத்து சின்ன போட்டோகிராபர்கள் எடுக்கும் கல்யாணப் படங்கள் எல்லாம் அந்த மாடிக்குத்தான் வந்து சேரும். படங்களை சர்வரில் ஏற்றுவார்கள். டிசைனர்கள் அங்கிருந்து திறந்து, மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் நிறம் ஏற்றி, பெண்ணின் அத்தைக்குக் கொஞ்சம் வயது குறைத்து, பக்கம் பக்கமாக அடுக்குவார்கள். சர்வர் ஒழுங்காக ஓடும் நாளில் ரூபினி என்று ஒருத்தி இருப்பதே யாருக்கும் ஞாபகம் வராது. ஒரு படம் திறக்க ஒரு மூச்சு தாமதமானால் போதும், நாலு பக்கமும் அவள் பெயர்தான்.

கூலி மூட்டை தூக்கினவரின் மகள். பாலிடெக்னிக் முடித்து, ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, கெட்டுப்போன மெஷின்களைப் பிரித்துப் பிரித்துத் தொழில் கற்றவள். கணவருக்கு அத்திபெலேயில் ஷிப்ட் வேலை. இருவரும் ஒருவரை ஒருவர் வெளிச்சத்தில் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைதான். கெட்டிக்காரி, உண்மையானவள், பிறர் பொருளைத் தொடாதவள். ஆனால் பொறுமை மட்டும் அவளைப் படைத்தவன் அளந்து போடும்போது கையைச் சுருக்கிவிட்டான். சர்வர் மெதுவாக ஓடினால் தன்னை யாரோ திட்டுவதுபோல அவளுக்குச் சுள்ளென்று ஏறும். அந்த அவசரத்தின் பலனை அவளே அனுபவித்திருந்தால் இந்தக் கதைக்கு அவசியமே இல்லை. அனுபவித்தது சந்திரம்மா.

சந்திரம்மா அந்த ஆபீசைப் பெருக்கித் துடைத்து, டீ போட்டுக் கொடுப்பவர். வைகாசியில் அவர் மகள் மகாவுக்குக் கல்யாணம். ஆபீசில் பெரிய டிசைனரான ஓஸ்வால்ட் பழைய போட்டோகிராபர். தன் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய் நாள் முழுக்கப் படம் எடுத்துக் கொடுத்தார், காசு வாங்காமல். "ஆல்பத்தை நான் போட்டுத் தரேன்க்கா. நம்ம ஆபீஸ் சீர்," என்றாள் ரூபினி. கல்யாணத்தன்று காலை சர்வர் படுத்துவிட்டதால் அவளால் அங்கே போக முடியவில்லை. போகாத குற்ற உணர்ச்சியில் வாக்குக் கொஞ்சம் தாராளமாகவே வந்துவிட்டது.

படங்கள் சர்வருக்கு வந்தன. ஓஸ்வால்ட் வழக்கம்போல கேமரா கார்டை அழித்து அடுத்த கல்யாணத்துக்குத் தயாரானார். சர்வரில் 'அப்புறம்' என்று ஒரு ஃபோல்டர் உண்டு. சொந்தக்காரர், தெரிந்தவர், ஓசி வேலை எல்லாம் அதற்குள் போகும். மகாவின் கல்யாணமும் அங்கே போய் உட்கார்ந்தது.

ஆடி பிறந்த வாரத்தில் சந்திரம்மாவின் கணவர் கோவிந்தன் இறந்துபோனார். லாரி பாடிக்கு பெயின்ட் அடிப்பவர். ஏணியிலிருந்து இறங்கி, நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லி, தண்ணீர் கேட்டிருக்கிறார். டம்ளர் வருவதற்குள் முடிந்துவிட்டது.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய சந்திரம்மா ஒரு நாள் டீ டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு நின்றார்.

"ரூபிம்மா, அந்த ஆல்பம் ஆவுறப்ப ஆவட்டும். அதுல எங்க வூட்டுக்காரரு படம் ஒண்ணு இருக்கும், அத மட்டும் பெருசு பண்ணிக் குடுத்துடு கண்ணு. இப்ப ஓட்டர் கார்டு மூஞ்சியத்தான் பெருசு பண்ணி மாலை போட்டிருக்கேன். திருடன் மாதிரி முறைக்கறாரு."

"போன்ல யாரும் எடுக்கலியாக்கா?"

"எல்லார் போன்லயும் பொண்ணு மாப்பிள்ளதான். இந்த மனுசன் பந்தி கவனிக்கிறேன்னு முதுகக் காட்டிக்கினே ஓடிட்டாரு. ஓஸ்வால்ட் சார்தான் புடிச்சி நிறுத்தி என்னமோ சொன்னாரு பாரு, வாய் நெறய சிரிச்சாரு. அப்பிடி சிரிச்சி நான் கண்டதே இல்ல. அந்தப் படம். தலைத்திவசத்துக்குள்ள கெடச்சாப் போதும், அவசரமில்ல."

அவசரமில்லை என்று சொல்லாமல் இருந்திருந்தால் ரூபினி அன்றே எடுத்துக் கொடுத்திருப்பாள். நல்லவர்கள் அவசரமில்லை என்கிறார்கள். அவசரக்காரர்கள் அதை அப்படியே நம்பிவிடுகிறார்கள். ஒரு படத்தைத் தேடி எடுக்க எவ்வளவு நேரமாகும்? நாளைக்கு, நாளைக்கு என்றே ஆவணி போயிற்று, புரட்டாசியும் பாதி போயிற்று. இதற்கிடையில் இன்னொரு காரியமும் செய்தாள். இரவில் ஓடும் காப்பு நகல் விடிந்தும் முடியாமல் காலை வேலையை மெதுவாக்கிக்கொண்டிருந்தது. நகல் எடுக்க வேண்டியவற்றிலிருந்து 'அப்புறம்' ஃபோல்டரைத் தூக்கிவிட்டாள். காலையில் சர்வர் பறந்தது. எல்லாரும் பாராட்டினார்கள். அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. பெங்களூரில் அன்றைக்குக் குளிக்காத இயந்திரமே இருக்காது. லேத்துக்கும் லாரிக்கும் கிடைக்கும் மஞ்சள் குங்குமம் சர்வருக்கும் உண்டு. முதல் நாள் ரூபினி எல்லாவற்றையும் முறைப்படி அணைத்துவிட்டுப் போன பிறகு சந்திரம்மா அறையைக் கழுவித் துடைத்தார். சர்வரின் முகத்தில் மேலே நான்கும் கீழே நான்குமாக எட்டு டிஸ்குகள். ஒவ்வொன்றின் மேலும் ரூபினி எப்போதோ எண் எழுதி ஒட்டிய ஸ்டிக்கர். ஈரத்துணி பட்டதும் பசை விட்டு எல்லாம் கையோடு வந்துவிட்டன. சந்திரம்மா பதறிப்போய், ஒவ்வொன்றையும் முந்தானையில் துடைத்து, வேறு பசை தடவி, கோணாமல் ஒட்டினார். மேல் வரிசையில் ஒன்று முதல் நான்கு, கீழ் வரிசையில் ஐந்து முதல் எட்டு. எண்ணத் தெரிந்த யாரும் அப்படித்தான் ஒட்டுவார்கள். அந்த இயந்திரம் மட்டும் மேலிருந்து கீழாக எண்ணுகிற ஜாதி. அதற்கு ஒன்றுக்கு நேர் கீழே இருப்பது இரண்டு.

தீபாவளி நெருங்க, கல்யாண வேலைகள் குவிய, சர்வர் மறுபடி திணற ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் ஓடும், கொஞ்ச நேரம் உறையும். ரூபினி நெட்வொர்க்கைப் பார்த்தாள், நகலைப் பார்த்தாள், ஒன்றிலும் குற்றமில்லை. கடைசியில் டிஸ்குகளை ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டபோது ஆள் அகப்பட்டான். மற்ற ஏழும் கேட்டவுடன் பதில் சொல்ல, ஐந்தாவது மட்டும் படித்ததையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தது. செத்தும் போகாமல், உழைக்கவும் செய்யாமல், கூட இருப்பவர்கள் எல்லாரையும் காக்க வைத்துக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட டிஸ்கைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போடலாம். மற்ற ஏழும் சேர்ந்து அதில் இருந்ததைப் புதியதில் எழுதிக்கொடுத்துவிடும். ஒன்று போனால் தாங்கும். ஒரே நேரத்தில் இரண்டு போனால் தாங்காது.

காரணம் தெரிந்த சந்தோஷத்தில் மனம் இளகியிருந்ததோ என்னவோ, அன்று காலைதான் சந்திரம்மாவின் நினைவும் வந்தது. கோவிந்தன் முகம் அவளுக்குத் தெரியாது; ஓஸ்வால்டே பார்த்து எடுக்கட்டும் என்று மகாவின் கல்யாணத்தை 'அப்புறம்' ஃபோல்டரிலிருந்து வெளியே எடுத்து, டிசைனர்கள் வேலை செய்யும் பகுதிக்கு மாற்றினாள். இத்தனை மாதம் தள்ளிப்போட்டதை ஒருவழியாகச் செய்துவிட்டோம் என்று நிம்மதி.

அப்போது முதலாளி வெங்கடசாமி வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, பார்ட்டி எல்லாம் போன் மேல போன். ஸ்வல்ப பேகா பண்ணும்மா, சீக்கிரம்!"

"ஒரே ஒரு டிஸ்க் சார். மாத்திட்டா ஆச்சு."

எந்த டிஸ்க் என்று உறுதி செய்ய ஒரு கட்டளை கொடுத்தால் போதும், அந்த டிஸ்கின் விளக்கு மின்னும். அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் தன் கையெழுத்தில் ஐந்து என்று கண் முன்னே இருக்கும்போது விளக்கு எதற்கு? இழுத்தாள். புதியதைச் செருகினாள். திரையில் வேலை தொடங்கியதாக எழுத்து ஓடியது. எந்த எண் டிஸ்கை மாற்றியிருக்கிறாய் என்பதும் அதே திரையில்தான் இருந்தது. அவள் படிக்காமல் சாப்பிடப் போனாள்.

இழுத்தது, இயந்திரத்தின் கணக்கில், இரண்டாவது டிஸ்க். நல்ல டிஸ்க். நோயாளியோ உள்ளேயே இருந்தது. புதியதை நிரப்புவதற்காக மற்றவை தம்மிடம் இருப்பதை எல்லாம் ஒப்பிக்க வேண்டியிருந்ததால், அந்தப் பாரம் தாங்காமல் பாதி வழியில் உயிரை விட்டது. மாடி முழுக்கத் திரைகள் உறைந்தன. டிபன் டப்பாவை மூடாமலே ஓடிவந்தாள்.

இழுத்துப்போட்ட நல்ல டிஸ்கைத் திரும்பச் செருகி, அடம்பிடித்த சர்வரை எப்படியோ எழுப்பினாள். அந்தச் சாமர்த்தியத்தை மறுக்க முடியாது. ஆனால் வெளியே கிடந்த நேரத்தில் நடந்தது எதுவும் அந்த டிஸ்குக்குத் தெரியாது. அதற்குச் சற்று முன் எழுதியவையும் அரைகுறையாகவே நின்றுவிட்டன. பழைய வேலைகள் எல்லாம் இருந்தன, இல்லாதவை காப்பு நகலில் இருந்தன. அன்று வந்த புதிய வேலைகள் கார்டிலேயே இருந்தன. அன்று இடம் மாறியது ஒன்றே ஒன்று. 'அப்புறம்' ஃபோல்டரிலேயே கிடந்திருந்தால் அது பிழைத்திருக்கும். அன்றிரவு மட்டும் தாண்டியிருந்தால் நகலிலும் ஏறியிருக்கும். கையில் எடுத்த அன்றைக்கே போயிற்று.

முதலாளியிடம் அவள் மழுப்பவில்லை.

"என் தப்பு சார். டிஸ்க்க மாத்தி இழுத்துட்டேன்."

"ஹோகலி பிடும்மா, போகட்டும் விடு. கஸ்டமர் போட்டோ எல்லாம் இருக்குல்ல?"

"சந்திரம்மா வீட்டு கல்யாணம் போயிடுச்சு சார்."

"அதுவா? அது ஃப்ரீ வேலைதானே," என்றார். அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல, நிம்மதியில் சொன்னார். ஆனால் இத்தனை மாதம் அவள் வாய்விட்டுச் சொல்லாத வார்த்தை அதுதான்.

ஸ்டிக்கர்கள் நேராக, புதுப் பசையோடு இருப்பதை அப்புறம்தான் பார்த்தாள். ஒட்டியவர் யாரென்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

சர்வரைச் சீர்செய்யும்போது பெயரும் இடமும் தொலைந்த கோப்புகளை அது அழிப்பதில்லை. ஒரு தனி ஃபோல்டரில், வெறும் எண்ணைப் பெயராக வைத்துத் தள்ளிவிடும். எத்தனையோ கல்யாணங்களின் அனாதைப் படங்கள் அங்கே குவிந்து கிடந்தன. பல, பாதிக்கு மேல் சிமெண்ட் நிறத்தில் அடைபட்டிருந்தன. ஓஸ்வால்ட் கோவிந்தனை ஒரே ஒரு நாள் பார்த்தவர்; அந்த முகத்தை நன்றாக அறிந்தவர் சந்திரம்மா ஒருவர்தான்.

"அக்கா, மெஷின் கெட்டதுல உங்க படமெல்லாம் கலஞ்சிடுச்சு. தேடினா கிடைக்கலாம். கூட உக்காருறீங்களா?"

மத்தியானச் சாப்பாட்டு வேளைகளில் இருவரும் திரை முன் உட்கார்ந்தார்கள். சந்திரம்மா நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார். யார் யாரோ தாலி கட்டினார்கள், யார் யாரோ அழுதார்கள். "இந்தப் பொண்ணு அழகு," "அய்யோ, நகையப் பாரு," என்று ரசித்துக்கொண்டே வந்தார். கிடைக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

ஒரு நாள் திடீரென்று கேட்டார். "ஏம்மா, ஆயுத பூஜைக்கு மெஷின் தொடக்கிறப்ப அந்த நம்பரு எல்லாம் உரிஞ்சிபோச்சி. நீ தேடுவியேன்னு நான்தான் வரிசையா ஒட்டி வச்சேன். உதவிச்சா?"

ரூபினி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மெஷினைக் கவனிக்கச் சம்பளம் வாங்குபவள் அவள். சரிபார்க்க விளக்கு இருந்தது, திரை இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக ஐந்து மாதம் இருந்தது.

"உதவிச்சுக்கா," என்றாள்.

தை மாதத்தில் ஒரு மத்தியானம் அந்தப் படம் வந்தது. மேலே வாழைக்குலை, சீரியல் பல்பு, மாவிலைத் தோரணம். அதன் கீழே எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, அதில் ஒரு ஓரமாக நீல பெயின்ட் கறை, அகலமான நெற்றி. புருவம் தொடங்கும் இடத்தில் படம் முடிந்து சிமெண்ட் நிறம் ஆரம்பித்தது.

சந்திரம்மா எழுந்து நின்றுவிட்டார்.

"இவருதான்! தலக்கி எண்ணெ நான்தான் வச்சேன். கல்யாணத்தன்னிக்கி கூட அந்த பெயின்டு போவல பாரு!" முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகையும் சிரிப்புமாக ரூபினியின் தோளைத் தட்டினார். "ரூபிம்மா, கொஞ்சம் கீழ எறக்கு. கீழதான் சிரிக்கிறாரு."

ரூபினி கீழ் அம்புக்குறியை அழுத்தினாள். ஒன்றுமில்லை என்று தெரிந்தே மறுபடி அழுத்தினாள்.

"இன்னும் கொஞ்சம்," என்றார் சந்திரம்மா.