இரண்டாவது வரி

சந்தானம் சார் என்றால் எங்கள் புனே அலுவலகத்தில் எல்லோருக்கும் கிலி. மருத்துவமனைப் படுக்கையோரம் நாடித்துடிப்பைக் காட்டும் கருவிக்குக் கெர்னல் எனும் அடிப்படை மென்பொருளை எழுதுவது எங்கள் வேலை. ஒருவர் செய்த திருத்தத்தை, அதாவது பேட்ச்சை, இன்னொருவர் பார்த்து ஓகே போட்டால்தான் அது உள்ளே போகும். தாபோடியிலிருந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கியதும் சார் வந்திருக்கும் பேட்ச்களைப் பிரிண்ட் எடுப்பார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். பதினோரு வருடத்தில் அவர் பார்த்தது எதுவும் பிசகியதில்லை. அந்தப் பெருமை அவருக்கு நிறையவே உண்டு.

2004 ஜூனில் கிருஷ்ணப்ரியா ஒரு சின்னத் திருத்தம் கொண்டுவந்தாள். கோயம்புத்தூர்ப் பெண், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. சென்சார் அனுப்பும் தகவலின் நீளம் 512-ஐத் தாண்டினால் ஏற்காதே என்பது முதல் வரி. புகார் வந்தது அதற்குத்தான். பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் ஏற்காதே என்று இரண்டாவது வரியை அவளாகவே சேர்த்திருந்தாள். சார் அதைச் சிவப்புப் பேனாவால் அடித்தார்.

"ஒரு பேட்ச்ல ஒரு விஷயந்தாம்மா. இதத் தனியா அனுப்பு."

கெர்னல்காரர்களுக்கு அது வேதவாக்கு. பக்கத்து மேஜையிலிருந்த நானும் தலையாட்டினேன். அவள் அந்த வரியை எடுத்துவிட்டுக் கொடுத்தாள். தனியாக அனுப்புவதற்குள் கருவிகள் ஆஸ்பத்திரிகளுக்குப் போய்விட்டன.

ஆகஸ்டில் ஓரிடத்தில் சென்சார் பழுதாகி மைனஸ் நீளத்தை அனுப்பியது. கருவி அப்படியே நின்றுவிட்டது. நோயாளியின் இதயம் நின்றபோது அலாரம் அடிக்கவில்லை. அவருக்கு முப்பத்தாறு வயது, இரண்டு குழந்தைகள்.

இவ்வளவு எளிய சோதனையை ஏன் எழுதவில்லை என்று விசாரணையில் கேட்டார்கள். எழுதினேன் என்றாள் கிருஷ்ணப்ரியா. அவள் முதலில் எழுதியது அந்தச் சிவப்பு மைத் தாளில் மட்டுமே இருந்தது. தாள் சாருடைய இழுப்பறையில் இருந்தது. அவர் நினைவில்லை என்றார். என்னைக் கேட்டபோது, நான் கவனிக்கவில்லை என்றேன். வெட்கங்கெட்ட பிழைப்பு, வேறென்ன சொல்ல.

வெள்ளிக்கிழமை அவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். பையோடு சாருடைய மேஜைக்கு வந்து நின்றாள். சண்டை போடப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அந்த ரெண்டாவது வரியச் சேத்தாச்சுங்களா சார்? மத்த ஆஸ்பத்திரிலயும் அதே மெஷின்தானுங்க இருக்குது."



திங்கட்கிழமை அந்த வரி தனி பேட்ச்சாக உள்ளே போனது. எழுதியவர் சந்தானம். சரிபார்த்தவர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது.