துண்டுக்குள் பேசிய விலை

என் மச்சான் திருப்பதி வெளிநாட்டில் இந்தியத் தூதரகத்தில் அதிகாரியாக இருந்தவர். போடியில் இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. நம்புகிற மீதிப் பேர், என்ன தப்பு செய்து வேலை போனது என்று கேட்கிறார்கள். தப்பு ஒன்றும் செய்யவில்லை, மாட்டுக்கு விலை பேசினார் என்று நான் சொன்னால் என்னையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்கள்.

அவர் என் மனைவி பொன்னுமணிக்கு அண்ணன். அவர்கள் அப்பா, அதாவது என் மாமனார் அமாவாசை, ராசிங்காபுரத்து மாட்டுத் தரகர். எந்தச் சந்தைக்குப் போனாலும் மாமாவின் தோளில் ஒரு துண்டு கிடக்கும். அது வேர்வை துடைக்க அல்ல. வாங்குபவன் கையும் விற்பவன் கையும் துண்டுக்கு அடியில் சேரும், விரலைப் பிடித்து விலை பேசிக்கொள்வார்கள், பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. அந்தத் துண்டு சம்பாதித்துக் கொடுத்ததில்தான் மச்சான் படித்தார், பரீட்சை எழுதி டெல்லிக்குப் போனார், எழுபத்து நாலில் ஒரு குளிர் தேசத்துக்கு அனுப்பப்பட்டார். எந்த நாடு என்று நான் சொல்லக்கூடாதாம். இன்றைக்கும் அது அவர் போட்ட உத்தரவு.

எழுபத்தேழில் லீவில் வந்தபோது, என் ஏலக்காய்க் கடையில் உட்கார்ந்து அந்த வாழ்க்கையைப் பற்றிச் சொன்னார். வீட்டில் போன் இருந்ததாம், ஆனால் யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்று அதில் ஒன்றும் பேசமாட்டாராம். வேலைக்காரி வேறு இடத்திலும் சம்பளம் வாங்குகிறாள் என்று அவருக்குத் தெரியுமாம். மனைவி வீரலட்சுமி அக்காவோடு சண்டை போடுவதென்றால்கூட குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுத்தான் போடுவார்களாம்.

"விருந்துக்கு வந்து ஒருத்தன் நம்மளப் பாத்துச் சிரிச்சா, ஏன் சிரிச்சான்னு மறுநா ஆபீசுல சொல்லணும் மாப்ளே" என்றார்.

"இதுக்கு நம்ம கடையே தேவல மச்சான். ஏமாத்த வர்றவன் மொகத்துலயே எழுதியிருக்கும்" என்றேன்.

அந்த ஊரிலும் அவருக்கு ஒரு சிநேகிதர் கிடைத்திருந்தார். பெயர் பாவெல், அரசாங்கத்தில் கால்நடை டாக்டர். ஒரு விருந்தில் அக்கா போட்ட டீயைக் குடித்துவிட்டு, இதில் என்ன வாசனை என்று கேட்டாராம். எங்கள் மலையின் ஏலக்காய் என்று பேச்சு ஆரம்பித்திருக்கிறது. பாவெலின் அப்பா குதிரை வியாபாரி. மாட்டுத் தரகர் மகனும் குதிரை வியாபாரி மகனும் சேர்ந்தால் வேறு என்ன பேசுவார்கள்? மச்சான் துண்டுப் பேரத்தைச் சொல்லிக்கொடுத்தார், அந்த மனுஷனும் பிடித்துக்கொண்டார். அப்புறம் அது விளையாட்டாகிவிட்டது. ராசிங்காபுரத்தில் மாமாவின் தொழுவில் நிற்கும் ஜோடிக் காளைகளை மச்சான் விற்பதாகப் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் உட்கார்ந்து, ஒரு கம்பளித் துண்டுக்கு அடியில் இருவரும் பேரம் பேசுவார்கள். மச்சான் இரண்டாயிரத்து நூறில் நின்றார். பாவெல் ஆயிரத்து அறுநூறை விட்டு நகரவில்லை. பேரம் முடியாமலே மாதக்கணக்கில் ஓடியது.

"அங்க சந்தேகப்படாம நான் கையக் குடுத்தது அவன் ஒருத்தன்கிட்டதான் மாப்ளே" என்றார் மச்சான். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பிறகு வெகுகாலம் பார்க்கவில்லை.

எழுபத்தொன்பதில் அவரை அவசரமாகத் திருப்பி அழைத்தார்கள். யாரோ எடுத்த ஒரு போட்டோ. பனி விழும் பூங்காவில் இரண்டு பேர், நடுவில் துண்டு, துண்டுக்குள் கைகள். அந்நிய நாட்டு ஆளிடம் எதைக் கொடுத்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். மாட்டுக்கு விலை பேசினேன் என்றாராம் இவர். அந்தப் பதிலைக் கேட்டு யாருக்குத்தான் கோபம் வராது? விசாரணை முடியும்வரை ஊரில் இரு என்று அனுப்பிவிட்டார்கள். தப்பு இல்லை என்று தெரிந்தால் வேலை, இல்லாவிட்டால் வீடு.

அந்தச் சமயத்தில்தான் என் கடைக்கு ஒருவர் வந்தார். மெட்ராஸில் ஏலக்காய் வியாபாரம் என்றார், நன்றாகப் பேசினார். மாதிரிக்கு ஒரு கை அள்ளி வைத்தேன். ஒரு காயை எடுத்து அப்படியே வாயில் போட்டு மென்றார். எனக்கு அப்போதே சுருக்கென்றது. ஏலக்காய் வாங்க வந்தவன் தோலை உரித்து உள்ளே அரிசி, அதாவது விதை, கறுப்பாக இருக்கிறதா என்று பார்ப்பான். வாயில் போட்டு மெல்லுகிறவன் கல்யாண வீட்டுக்கு வந்தவன்.

"திருப்பதின்னு ஒருத்தர் உங்களுக்கு உறவாமே" என்று அவர் மெல்ல ஆரம்பித்ததும் ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. விசாரிக்க வந்த அதிகாரி.

விஷயத்தை மாமாவிடம் சொன்னேன். மாமாவுக்குப் பயமே இல்லை. "இம்புட்டுத்தான சோலி? சந்தைக்குக் கூட்டிட்டு வா. கண்ணால பாத்தா நம்பிட்டுப் போறாரு" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. உண்மையைக் காட்டினால் சந்தேகம் தீர்ந்துவிடும் என்று நினைக்கிற ஊர் எங்களுடையது.

சந்தையில் அதிகாரியைப் பக்கத்திலேயே நிற்க வைத்துக்கொண்டு மாமா ஒரு ஜோடியை விற்றுக் காட்டினார். சுற்றிலும் அத்தனை கூட்டம். மாமா வாய் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது, கை துண்டுக்குள் இருந்தது. விலை படிந்து மாடு கைமாறிய பிறகுதான் அதிகாரிக்கு வியாபாரம் நடந்ததே தெரிந்தது. அவர் கண் மின்னியது. நம்பிவிட்டார் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

"பக்கத்துல நின்ன எனக்கே ஒண்ணும் புரியல. இதை உங்க பையன் அந்த ஆளுக்கு முழுசாவே கத்துக்குடுத்தாரா?" என்று கேட்டார்.

"ஆமா சார். அவனும் நம்ம தரகு ஆளுக கணக்கா அப்பிடிப் பிடிச்சுக்கிட்டானாம்" என்றார் மாமா பெருமையாக.

யாருக்கும் தெரியாமல் எண்களைக் கைமாற்றும் வித்தையை அந்நிய நாட்டு ஆளுக்கு மச்சான் கற்றுக்கொடுத்திருக்கிறார் என்பதற்கு, பெற்ற தகப்பனே சாட்சி சொல்லிவிட்டார். அதுவரை அவர்களிடம் இருந்தது வெறும் போட்டோ. சந்தைக்குக் கூட்டிப்போய் மிச்சத்தை நாங்களே எடுத்துக் கொடுத்தோம். வயிற்றெரிச்சல் வேறு எப்படி இருக்கும்?

போகும்போது அதிகாரி மச்சானிடம் தனியாக ஒன்று சொன்னார். "அந்த போட்டோ நமக்கு அந்த நாட்டுக்காரங்க பக்கத்துலேருந்து வந்தது. நீங்க அந்த நேரத்துக்கு அங்க இருப்பீங்கன்னு யாருக்குத் தெரியும்? யோசிச்சுப் பாருங்க."

குற்றம் எதுவும் நிரூபிக்க முடியவில்லை. டெல்லியில் ஒரு அறையில் வேலையே கொடுக்காமல் உட்கார வைத்தார்கள். சகித்துப் பார்த்துவிட்டு, எண்பத்தொன்றில் ராஜினாமா செய்துவிட்டு என் கடைக்கே வந்து சேர்ந்தார். வேலை போனதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். பாவெல் காட்டிக்கொடுத்தானா இல்லையா என்பதுதான் அவரை அரித்தது.

"அவன் ஒருத்தனுக்குத்தான மாப்ளே தெரியும், நாங்க அங்க உக்காருவோம்னு" என்பார். சாக்கு தைக்கும்போது சொல்வார், சாப்பிடும்போதும் சொல்வார்.

அதிலிருந்து எல்லாரையும் சந்தேகம். கடையில் முதுகு சுவரில் படும்படிதான் உட்காருவார். எஸ்டேட்டிலிருந்து லோடு கொண்டுவரும் ஜீப்பு டிரைவர் நலம் விசாரித்தால், இவனுக்கு எதற்கு என் நலம் என்பார். மகளுக்கு ஒரு நல்ல வரன் சொல்லி வந்தவரிடம், "ஒங்கள அனுப்புனது யாரு?" என்று கேட்டுத் துரத்தியே விட்டார். அக்கா அழுதாள். பார்க்கப் பார்க்க எனக்கு அந்தப் பாவெல் மேல் அப்படி ஒரு ஆத்திரம். போடிப் பக்கம் வரட்டும், கேட்டுவிடுகிறேன் என்று இருந்தேன்.

எண்பத்தாறில் வந்தே விட்டார்.

மதுரையிலிருந்து கேரளாவில் ஒரு மாட்டுப் பண்ணையைப் பார்க்கப் போகும் வெளிநாட்டுக் கால்நடை டாக்டர்கள் கூட்டம் அது. வேன் எங்கள் கடைக்கு எதிரில் டீக்கு நின்றது. ஒரு நரைத்த மனுஷர் இறங்கி, டீக்கடையில் "ராசிங்காபுரம், திருப்பதி" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். டீக்கடைக்காரர் நேராக எங்கள் கடைக்குக் கையைக் காட்டிவிட்டார். பின்னாலேயே அவர்கள் நாட்டு ஆள் ஒருவன், கழுத்தில் கேமராவோடு, இரண்டடி விலகாமல் வந்தான்.

மச்சான் எழுந்தார். பாவெல் கேமராக்காரனை ஒரு பார்வை பார்த்தார். மாமா அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அவர் தோளில் கிடந்த துண்டைப் பாவெல் வெகுநாள் பழகியவர் மாதிரி எடுத்து, தன் வலது கையின் மேல் போட்டு, மச்சானிடம் நீட்டினார்.

மச்சான் அந்தக் கையைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார். தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

வேனோடு வந்திருந்த மலையாளி வழிகாட்டி என் காதருகில் சொன்னான். "பாவம் சாரே, இயாளை ஏழு கொல்லமா, ஏழு வருஷமா, ஏதோ மலங்காட்டுப் பண்ணையில போட்டிருந்தாங்க. இந்தியாக்காரன் ஒருத்தன்கூடப் பழகின குற்றமாம். இப்பதான் வெளிய விட்டிருக்காங்க."

பாவெலின் கை நீட்டியபடியே இருந்தது. வேன்காரன் ஹாரன் அடித்தான். அப்போது மாமா எழுந்து வந்து, தன் கையைத் துண்டுக்குள் விட்டார். துண்டுக்கு அடியில் விரல்கள் அசைந்தன. பிறகு பாவெல் துண்டை மடித்து மாமா தோளிலேயே போட்டுவிட்டு, மச்சானைப் பார்த்துத் தலையசைத்துப் போனார். வேன் போடிமெட்டுப் பக்கம் திரும்பியது.

வழிகாட்டி சொன்னதை மச்சானிடம் சொன்னேன். அவர் கடைப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அப்பு, துண்டுக்குள்ள என்ன சொன்னான்?" என்று தன் அப்பாவிடம் கேட்டார்.

"நீ அன்னைக்கு என்ன வெலயில நின்ன?"

"ரெண்டாயிரத்து நூறு."

"அதுக்கே முடிச்சுட்டான்டா. ஒத்த ரூவா கொறைக்கல" என்றார் மாமா. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்த மாடுக செத்துப்போச்சுன்னு நான் எந்த விரலப் பிடிச்சுச் சொல்லுவேன்?"

மச்சான் எங்கள் முன்னால் வாய்விட்டு அழுதார். அழுதுகொண்டே எழுந்தார்.

"மாப்ளே, மெட்டுக்கு ஜீப்பு எதுவும் போகுதா?"

எஸ்டேட் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப்பு கிளம்பிக்கொண்டிருந்தது. மெட்டில் கேரள எல்லைச் செக்போஸ்டில் எல்லா வண்டியும் நிற்கும், வெரசாப் போனால் பிடித்துவிடலாம் என்றேன். மச்சான், மாமா தோளிலிருந்து துண்டை உருவிக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் ஓடிப்போய்ப் பின்கம்பியில் தொற்றினார். கடைத்தெருவே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. யார் பார்க்கிறார்கள் என்று அன்றைக்கு அவர் திரும்பிப் பார்க்கவில்லை.