மேஜைக்கடியில் ஓடிய பெட்டி

அடிப்பதற்கு முன்னால் அத்தான் கைக்கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் வைப்பார். கண்ணாடியில் கீறல் விழுந்துவிடக் கூடாது என்ற அக்கறை. அந்த வீட்டில் நான் இருந்த அத்தனை வருடங்களில் ஒரு தடவைகூட அவர் அதை மறந்ததில்லை. கடிகாரம் கழன்றதும் அக்கா தன் தோட்டைக் கழற்றி என் கையில் தந்துவிடுவாள்.

அக்கா தகரம் வெட்டும் பட்டறையில் கம்ப்யூட்டர் பார்ப்பவள். வெட்டும் கத்தியை ஏற்றி இறக்குவது ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர். அதன் டிஸ்க் செத்துப்போய், வேறொரு பழைய டிஸ்க்கைப் போட்டபோது கெர்னலைப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. கெர்னல் என்பது, பெட்டி கண் விழித்ததும் எல்லா உறுப்புகளையும் வேலை வாங்கும் மேஸ்திரி என்று அக்கா சொல்லியிருக்கிறாள். பொதுவாகக் கிடைக்கும் கெர்னல் அந்தப் பெட்டிக்குப் பெரிது. வேண்டாததை நீக்கி அளவாகக் கட்ட வேண்டும்.

"திங்கக்கிழம கத்தி இறங்கிட்டா பட்டறை மாடி ரூம் உனக்கு," என்றார் முதலாளி. அந்த அறைக்கு உள்தாழ்ப்பாள் இருந்தது. அக்காவுக்கு வேண்டியது அதுதான்.

முதலில் கட்டியதைப் பட்டறையில் போட்டபோது, பெட்டி பாதி விழித்து, டிஸ்க்கைக் காணோம் என்று உறைந்து நின்றது.

"என்னம்மா, பொட்டி மௌன விரதமா?" என்று சிரித்தாராம் வெல்டர்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அவளுக்குப் பிடிபட்டது. "அளவு குறையட்டும்னு டிஸ்க்கப் படிக்கிற புரோகிராம் துண்டத் தனியாப் பிரிச்சு, அந்த டிஸ்க்குலயே வெச்சுத் தொலைச்சிருக்கேன்டி. பீரோ சாவிய பீரோக்குள்ளயே வெச்சுப் பூட்டுன கதை."

அந்தத் துண்டைக் கெர்னலோடு சேர்த்து மறுபடி கட்ட ஆரம்பித்தாள். வீட்டில் இருந்ததும் பழைய பெட்டிதான். ஞாயிறு காலையிலிருந்து அதன் விசிறி இரைந்துகொண்டே இருந்தது. மத்தியானத் தூக்கம் கலைந்து அத்தான் எழுந்து வந்தார்.

"மாவு மில்லு மாதிரி என்னடி சத்தம்? நிறுத்து."

"கொஞ்ச நேரத்துல முடிஞ்சிரும்ங்க. நடுவுல நிறுத்தக் கூடாது."

"முடிஞ்சதும் மாடிக்குக் குடி போவ, அதானே? வெல்டர் சொன்னான்."

கடிகாரம் அலமாரிக்குப் போனது. தோடு என் கைக்கு வந்தது. அவள் கூந்தலைப் பிடித்து நெற்றியை மேஜை விளிம்பில் மோதினார். கீபோர்டைப் பிடுங்கி, அது பிளக்கும் வரை முகத்தில் அறைந்தார். சிதறிய எழுத்துப் பொத்தான்களுக்கு நடுவே அக்காவின் பற்கள் இரண்டு கிடந்தன. தடுக்க வந்த வலது கையை முறுக்கியபோது எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கடைசியாக அந்தக் கனத்த மானிட்டரைத் தூக்கித் தரையில் போட்டார்.

"இப்பக் கட்டுடி."

அவருக்குக் கம்ப்யூட்டர் என்றால் படம் தெரிகிற அந்தத் திரைதான். மேஜைக்கடியில் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னும் என்ன சத்தம்?" என்று என் பக்கம் திரும்பினார்.

நான் அவரிடம் பேசுவதே அபூர்வம். "ஃபிரிட்ஜ், அத்தான்," என்றேன்.

போகிற போக்கில் ஃபிரிட்ஜுக்கு ஓர் உதை விட்டு, அத்தான் வெளியே போனார். அக்காவைத் தூக்கக் குனிந்தேன். ரத்தம் வழியும் வாயோடு, "வயர மிதிச்சிராத," என்றாள். கட்டும் வேலை முடிந்து விசிறியின் இரைச்சல் அடங்கும் வரை ஆஸ்பத்திரிக்கு வர மறுத்துவிட்டாள். அடங்கியதும் பெட்டியைப் போர்வையில் கட்டி, கூடவே தூக்கிக்கொண்டு கிளம்பினோம்.

மறுநாள் கைக்கட்டோடு பட்டறையில் உட்கார்ந்து, எங்கள் பெட்டியை அங்கிருந்த மானிட்டரில் மாட்டினாள். கெர்னல் முழுசாக இருந்தது. இடது கையால் தட்டித் தட்டிப் பட்டறைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினாள். இந்தத் தடவை அது டிஸ்க்கைக் கண்டுகொண்டது. கத்தி இறங்கித் தகரத்தைத் துண்டாக்கியது.

இப்போது அக்காவும் நானும் மாடி அறையில் இருக்கிறோம். அவளுடைய வலது கை முழுதாக நீளாது. அத்தான் அவ்வப்போது தெருவில் வந்து நின்று கத்துவார். போன மாதம், தடுக்க வந்த பட்டறைக் காவலாளியின் மண்டையை உடைத்தார். கேஸ் நடக்கிறது.