மூன்று வெள்ளைப் பக்கங்கள்

பதினோராம் தடவையும் ஹெர் கெல்லர் கையெழுத்துப் போடாமல் எழும்பிப் போனார். எனக்கு விசர் வந்தது.

சுவிஸில் ஷ்லீரன் என்ற ஊரில் ஒரு சின்ன அச்சகத்தில் இருபத்தாறு வருடம் புத்தகம் கட்டினேன். இப்போது பென்ஷன். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதச் சொன்னார்கள். என்னை அதிகம் அலுப்பாக்கிய புத்தகத்தைப் பற்றி எழுதுகிறேன்.

அது ஒரு போர் விமானப் பிரிவின் வரலாறு. இரண்டாம் உலக யுத்தத்தில் சுவிஸ் சேரவில்லை. ஆனால் இந்தப் பிரிவு எல்லைக்கு மேலே பறந்து காவல் காத்தது. நாலு விமானிகள் செத்தார்கள். அந்தப் பிரிவில் இருந்தவர்களின் பிள்ளைகளும் மருமக்களும் சேர்ந்து ஒரு குழு வைத்துப் புத்தகம் போட்டார்கள். தலைவர் ஹெர் கெல்லர். ஹெர் என்றால் திரு. அந்தப் பிரிவின் கமாண்டருடைய மகன்.

விமானம் எனக்குப் பிடிக்காது. எங்கள் ஊரில் அது குண்டு போட்டது. ஆனால் வேலை வேலைதான்.

எங்கள் தொழிலில் ஒரு தாள் இருக்கிறது. குட் சும் டுருக் என்பார்கள். அச்சடிக்கலாம் என்று வாடிக்கையாளர் அதில் கையெழுத்துப் போடவேண்டும். போடாமல் ஒரு மெஷினும் ஓடாது. ஹெர் கெல்லர் ஒருமுறை அட்டைத் துணியின் நிறம் மாற்றினார். ஒருமுறை படத்தைப் பெரிதாக்கினார். பிறகு அதையே சிறிதாக்கினார். நாலு மாதம் போனது.

தாள் மடிக்கும் மெஷினில் நின்ற பவானி அக்கா சொன்னா: "தம்பி, உவை சண்டையையே இதைவிடக் கெதியா முடிச்சிருப்பினம்."

இது போதாது என்று திங்கட்கிழமைகளில் தொலைபேசி. ஹெர் ஃப்ரை. வயது தொண்ணூற்றாறு. முதியோர் இல்லத்தில் இருந்தார். அந்தப் பிரிவில் மெக்கானிக். உயிரோடு மிஞ்சிய கடைசி ஆள். குழு அவருக்குப் பதில் சொல்லாததால் எங்களுக்குத் தொலைபேசி எடுப்பார். முதலாளியை நாங்கள் ஷெஃப் என்போம். அவர் அலுத்துப்போய் என்னிடம் தள்ளிவிட்டார். நாங்கள் பேசியது சுவிஸ் ஜெர்மன். எனக்கு வந்த மாதிரித் தமிழில் எழுதுகிறேன்.

"ஃப்ரை கதைக்கிறன். எர்ன்ஸ்டின்ரை பேர் போட்டாச்சோ?"

"தெரியாது. நான் புத்தகம் கட்டுறவன்."

"சரி. வாற திங்கள் எடுக்கிறன்."

எர்ன்ஸ்டும் மெக்கானிக். ஹெர் ஃப்ரையின் கூட்டாளி. யுத்த நேரம் விமானத் தளத்தில் செத்தவர். கடைசிப் பக்கத்தில் செத்த விமானிகளின் பெயர்கள் இருந்தன. எர்ன்ஸ்டின் பெயர் இல்லை. கிழவருக்கு வேண்டியது அந்த ஒரு பெயர்தான்.

அந்தப் பதினோராம் தடவை, துணி பார்க்க என்று குழு வந்திருந்தது. புத்தகத்தை எழுதிய வாத்தியார் எர்ன்ஸ்டின் பேச்சை எடுத்தார்.

"கடைசிப் பக்கத்திலை இடமில்லை," என்றார் ஹெர் கெல்லர்.

நான் அங்கே பேசக்கூடாத ஆள். ஆனால் தாளைப் பதினாறு பக்கமாக மடிக்கிறவன் நான். புத்தகம் நூற்று நாற்பத்தொரு பக்கம். ஒன்பது மடிப்பு. நூற்று நாற்பத்து நாலு.

"பின்னாலை மூண்டு பக்கம் வெள்ளையாக் கிடக்கு," என்றேன்.

ஷெஃப் என்னைப் பார்த்தார்.

"வெள்ளைப் பக்கம் வடிவு," என்றார் ஹெர் கெல்லர்.

"வடிவுக்கு ஒண்டு போதும்."

அவர் கோட்டை எடுத்துக்கொண்டு எழும்பினார். நான் வாசல் வரைக்கும் பின்னால் போனேன்.

"ஹெர் கெல்லர், பதினொரு தரம். உங்களுக்கு என்ன பயம்?"

கோட்டின் பொத்தானைப் போட்டார். "பேரைப் போட்டா எப்பிடிச் செத்தவன் எண்டு கேப்பினம். போடாமல் கையெழுத்து வைக்கவும் மனம் வரேல்லை."

"எப்பிடி?"

"புரொப்பெல்லர் அடிச்சு. விமானத்துக்குள்ளை இருந்தது என்ரை அப்பா. ஆள் விலகமுதல் எஞ்சினைப் போட்டிட்டார். விபத்து அறிக்கையிலை அவரே எழுதினது. சாகுமட்டும் வீட்டிலை அதைப்பற்றி ஒரு சொல் கதைக்கேல்லை."

போய்விட்டார்.

திங்கள் தொலைபேசி வந்தது. சொல்லலாமா கூடாதா என்று நான் யோசிக்கவில்லை. எனக்கு அலுத்துவிட்டது.

"பேர் வராது. தகப்பனுக்குக் கெட்ட பேர் வருமெண்டு தலைவர் பயப்படுறார்."

"வியாழன் வாறன். அவரையும் வரச் சொல்லுங்கோ."

வியாழன் டாக்ஸியில் வந்தார். நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வெட்டு மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். ஹெர் கெல்லர் முன்பே வந்திருந்தார். ஷெஃப் மெஷினை நிறுத்தினார். ஹெர் ஃப்ரை உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

"ஆக்கள் விலகியாச்சு எண்டு கத்தினது நான். எர்ன்ஸ்ட் சில்லு உருளாமல் வைக்கிற கட்டையை எடுத்துக்கொண்டு வந்திட்டான் எண்டு நினைச்சன். அவன் மற்றச் சில்லுக்குப் போயிருந்தவன். என்ரை சத்தத்தைக் கேட்டுத்தான் உங்கடை அப்பா எஞ்சினைப் போட்டவர்."

"அறிக்கையிலை அப்பிடி இல்லை."

"ஓம். எனக்கு அப்ப பத்தொன்பது வயது. உங்கடை அப்பா 'நீ ஒண்டும் கத்தேல்லை, விளங்கிச்சோ?' எண்டு கேட்டார். நான் ஓம் எண்டன்."

"இவ்வளவு காலமும் ஏன் சொல்லேல்லை?"

"அவர் கட்டளை போட்டவர்." கிழவர் நடைவண்டியின் பிடியைப் பார்த்தார். "அது சாட்டு. பயம்தான்."

பவானி அக்கா தண்ணீர் கொண்டுவந்து வைத்தா. ஒருவரும் தொடவில்லை.

"அவன்ரை பேரைப் போடுங்கோ. நான் கத்தினதையும் போடுங்கோ," என்றார் ஹெர் ஃப்ரை.

"அப்பா உங்களுக்காக மறைச்சதை நான் எப்பிடி அச்சடிக்கிறது?"

"போடுங்கோ எண்டுறன்."

"ஏலாது."

"நான் கெதியிலை செத்திடுவன். போடுங்கோ."

ஹெர் கெல்லர் ஒரு கிழமைக்கு முன்னர் பெயரே வேண்டாம் என்றவர். இப்போது பெயர் வரலாம், காரணம் வரக்கூடாது என்று நின்றார். பன்னிரண்டாம் தடவையும் இப்படியே முடியப் போகிறது. ஒரு வெள்ளைத் தாளை மேசையில் வைத்தேன். பக்கத்தில் பேனை.

"எழுதுங்கோ. நாளைக்கு மெஷின் ஓடவேணும்."

ஹெர் கெல்லர் என்னை முறைத்தார். பிறகு உட்கார்ந்தார். கிழவர் சொல்லச் சொல்ல எழுதினார். ஐந்து வரி. எர்ன்ஸ்டின் முழுப் பெயர், ஊர், வேலை. எப்படிச் செத்தார். யார் கத்தியது. ஐந்தாவது வரி ஹெர் கெல்லர் தானாகச் சேர்த்தது. பழியைக் கமாண்டர் ஏற்றுக்கொண்டார் என்று. கிழவர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுத் தலையாட்டினார்.

வாத்தியார் பிறகு வந்து தட்டச்சு செய்தார். பிற்பகல் நாலு மணிக்கு ஹெர் கெல்லர் கையெழுத்துப் போட்டார். வெள்ளி மெஷின் ஓடியது.

பிள்ளைகளே, கையெழுத்துப் போடாமல் துணியையும் படத்தையும் மாற்றிக்கொண்டிருக்கிற ஆளைச் சோம்பேறி என்று நினைக்காதீர்கள். அவருக்கு வேறு ஏதோ பயம். மூன்றாம் தடவையே என்னவென்று கேளுங்கள். நான் பதினோராம் தடவைதான் கேட்டேன். புத்தகம் ஐப்பசியில் வந்தது. ஹெர் ஃப்ரை மார்கழியில் செத்தார். இன்னும் மூன்று மாதம் நான் வாயைப் பொத்தியிருந்தால் அந்த மூன்று பக்கமும் வெள்ளையாகவே போயிருக்கும்.