அந்தச் சுற்றில் வராத வண்டி

இப்போது குடியிருக்கும் அபுதாபி ஃபிளாட்டுக்குக் கீழே ஒரு பிரியாணிக் கடை. டெலிவரி பைக்குகள் ஒன்றாகக் கிளம்பும்போது சைலன்சர் புகை பால்கனி வரை ஏறி வரும். மனைவி கதவைச் சாத்துவாள். எனக்கு ருவைஸ் பிளான்ட்டில் வேலை பார்த்த போர்ட்டாகேபின், அந்தத் தகரப் பெட்டி ஆபீஸ், ஞாபகம் வந்துவிடும்.

அங்கே எங்கள் ஃபோர்மேன் டெக்லன், அயர்லாந்துக்காரர். அவர் பேசுவதும் இங்கிலீஷ்தான் என்று நம்பவே எனக்குச் சில மாதம் ஆயிற்று. அவருடைய சின்ன ஊரில் வருடத்துக்கு ஒருமுறை ரோட்டை அடைத்து பைக் பந்தயம் விடுவார்கள். வீட்டு மதிலுக்கும் விளக்குக் கம்பத்துக்கும் வைக்கோல் கட்டுகளை அணையாகக் கொடுப்பார்கள். பந்தயம் முடியும்வரை யாரும் வாசல் தாண்டக் கூடாது. நம்மூர் மஞ்சுவிரட்டு மாதிரிதான், மாட்டுக்குப் பதில் பைக். டெக்லனின் தம்பி அதில் ஓட்டுவான். அண்ணன் லீவில் போய் மதிலோரம் நின்று பயப்படுவார்.

அந்த வருடம் பிளான்ட்டை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் வேலை. லீவு மாஃபி, யாருக்கும் கிடையாது. டெக்லன் சாப்பிடாமல் திரிந்தார். கிரேனில் பாரம் கட்டும் ராமநாதபுரத்து ரிக்கர் குமரேசனுக்குப் பொறுக்கவில்லை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை ஏற்றச் சொல்லுங்கள் என்றான். மொழிபெயர்த்தது நான். டெக்லன் சிரித்தார். ஆனாலும் ஊரில் இருந்த தன் மனைவிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

பந்தயத்தன்று அந்த அம்மாள் மதில்மேல் போனைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் கேபினில் ஸ்பீக்கர் போட்டுக் கேட்டோம். ஒவ்வொரு வண்டியும் துணி கிழிகிற மாதிரி போயிற்று. தம்பியின் வண்டி டெக்லனுக்குச் சத்தத்திலேயே தெரியும். அது போகும்போது விரலை உயர்த்துவார். ஒரு சுற்றில் விரல் உயரவில்லை. மற்ற வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன.

குமரேசன் என் காதருகில் குனிந்தான். "அண்ணே, பழச்சாறு டயர்ல ஒட்டி வழுக்கிருச்சோ? நாந்தானண்ணே வைக்கச் சொன்னேன்."

இதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை. எனக்கும் அதே பயம்தான்.

ரோட்டைத் திறந்த பிறகுதான் தகவல் வந்தது. செயின் அறுந்து வண்டி நின்றுவிட்டதாம். ரோட்டைத் தாண்ட முடியாமல் யாரோ ஒருவர் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து தம்பி டீ குடித்துக்கொண்டிருந்தானாம். டெக்லன் எங்கள் முன்னாலேயே அழுதார். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வருடம் செயினுக்கும் ஒரு பழம் வைக்கலாமா என்று குமரேசனிடம் கேட்கச் சொன்னார்.

அந்தக் கேபினைப் பிரித்துவிட்டார்கள். குமரேசன் ஊரோடு போய்விட்டான். போன வாரம் டெக்லன் பேசினார். இன்ஷூரன்ஸ் கட்டுப்படியாகாமல் பந்தயத்தையே நிறுத்திவிட்டார்களாம். தனக்கு நிம்மதிதான் என்றார். தம்பி மட்டும் பந்தயம் நடந்திருக்க வேண்டிய நாளன்று காலை பைக்கை வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்து, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, திரும்ப உள்ளே தள்ளிக்கொண்டு போனானாம்.